நடு அறையில் முழு சிக்னல்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலைப் பிரித்ததும் முதலில் இதைப் படி, பிறகு பெட்டியைத் தொடு.

போன ஞாயிறு மழைச் சத்தத்தில் நீ பேசியதில் பாதி கேட்கவில்லை. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாய். போன் சிக்னலைச் சரிசெய்வதுதான் என் தொழில், வேறு எதுவும் தெரியாது. என் அக்கா மாடியில் நின்று கத்துகிறாள் என்று தெரிந்தால் இங்கே சிரிப்பார்கள். உன் வீட்டுச் சுவர் கருங்கல், கூரை கான்கிரீட், ஜன்னலுக்கு இரும்புத் தகடு. சிக்னல் என்ன, கதவைத் தட்டிக்கொண்டா உள்ளே வரும்?

இது பூஸ்டர். பெரிய ஆன்டெனாவை மாடியில் டவரைப் பார்த்து நிறுத்த வேண்டும். கேபிளை ஜன்னல் வழியாக இறக்க வேண்டும். சின்ன ஆன்டெனாவுக்கு, அத்தான் அனுப்பிய வீட்டு வரைபடத்தைப் பார்த்து நானே இடம் குறித்துவிட்டேன். நடு அறை, அவர் வீட்டு வரைபடம் போடும் மேசைக்கு நேர் மேலே. படுக்கையறையில் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அத்தானை அளந்துகொண்டே உட்கார வேண்டாம் என்று சொல். ஆணி அடிக்கிற வேலை, அவ்வளவுதான்.

உன் தம்பி


ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். பெட்டி பத்திரமாக வந்தது. அளக்க வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் உன் அத்தான் டேப்பை எடுத்தார். துளை போட்டது ஒரே ஒரு தடவை. அதற்கு முன்னால் "நேரா இருக்கா பாரு" என்று என்னை நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வரவைத்தார். இப்போது போனில் நாலு கோடும் தெரிகிறது. வரைபடம் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் கூரையைக் காட்டுகிறார். இனி நான் மாடிப்படி ஏற வேண்டாமாம், கால் வலிக்குமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரிடமும் எரிந்து விழாதே.

அன்புடன்
அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

சிக்னல் பிரமாதம். நீதான் சரியில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிறேன். "நல்லா இருக்கேன்", "நீ சாப்டியா", "வேற என்ன". எழுதிவைத்துப் படிக்கிற மாதிரி. முன்பு என் மேனேஜர் பேசுவதை அப்படியே பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாயே, அந்த அக்கா எங்கே? என் மேல் கோபம் என்றால் நேராகச் சொல், சுற்றி வளைக்காதே. இல்லை, பேசவே பிடிக்கவில்லை என்றாலும் சொல், கூப்பிடுவதை நிறுத்திக்கொள்கிறேன். எனக்கும் வேலை இருக்கிறது.

தம்பி


ஜூலை 17

தம்பி,

இதைக் காய்கறிக் கடைக்குப் போகிற வழியில் தபாலில் போடுகிறேன். போன் வீட்டில் இருக்கிறது. வெளியே எடுத்துப் போனால் தொலைத்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். உன் கடிதத்தைப் பிரித்துப் படித்ததும் அவர்தான். "உன் தம்பிக்கு உன் மேல என்ன வருத்தம்?" என்று தினம் கேட்கிறார்.

கோபமெல்லாம் இல்லையடா. நீ கூப்பிட்டால் போன் அவர் மேசை மேல் அடிக்கிறது. எடுத்துக்கொண்டு நகர்ந்தால், "அங்க எதுக்குப் போற, இங்கதானே ஃபுல்லா இருக்கு" என்கிறார். டிவி சத்தத்தைக் குறைக்கிறார், பென்சிலைக் கீழே வைக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு வரும் போன் தனக்கும் சேர்த்து வருகிறது என்று நினைக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னிடம் நான் என்ன பேச?

மாடி எனக்குக் கஷ்டம் என்று நீயாக முடிவு கட்டிவிட்டாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டவர் கிடைக்கவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு இருந்த சாக்கு.

ரத்தப் பரிசோதனை லேபில் மறுபடி வேலை கேட்டிருப்பதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். லேபைப் பார்த்துக்கொள்கிற அம்மா போன வாரம் கூப்பிட்டார். இவர் எதிரே உட்கார்ந்திருந்தார். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். மறுநாள் கடைக்குப் போகிறபோது லேபில் நுழைந்து மன்னிப்புக் கேட்டேன். 31ஆம் தேதி சாயங்காலம் பெரிய டாக்டர் போனிலேயே அரை மணி நேரம் கேள்வி கேட்பாராம். அதையும் விட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். வேலை கிடைத்தால் இவரிடம் நானே சொல்லிக்கொள்வேன். இப்போதே சொன்னால் "யோசிப்போம்" என்பார். கல்யாணம் ஆனதிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இதற்குப் பதில் போடாதே. வருவதை அவர்தான் பிரிப்பார்.

அக்கா


ஜூலை 22

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அக்காவுக்குப் போட்ட கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். வேலை எரிச்சல், வேறொன்றும் இல்லை.

இப்போது எழுதுவது அவசரமான விஷயம். பூஸ்டர் விஷயத்தில் ஒரு பிசகு நடந்துவிட்டது, பிசகு என்னுடையது. அதற்குப் போன் கம்பெனியின் அனுமதி வேண்டும். வாங்காமல் அனுப்பிவிட்டேன். அது டவரைத் தொந்தரவு செய்தால் தெரு முழுக்கப் பேச்சு அறுபடும். மீட்டரோடு ஆள் வந்து எந்த வீட்டு மாடி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அபராதம் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும். ஆகவே இது கையில் கிடைத்ததும் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு ஆன்டெனாவையும் கழற்றி எனக்கே பார்சல் போட்டுவிடுங்கள். நீங்கள் மாட்டியது அவ்வளவு நேராக இருப்பதாக அக்கா எழுதியிருந்தாள். கழற்றச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

அனுமதி கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள். வருஷக்கணக்கில் ஆகலாம்.

அதுவரை அக்கா மாடிக்குத்தான் போக வேண்டும். கால் வலிக்கும் என்று கவலைப்பட்டீர்களே, மேலே ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள். துணைக்கு நீங்கள் போய் நிற்க வேண்டாம். பக்கத்தில் இன்னொரு உடம்பு இருந்தால் சிக்னலைத் தின்றுவிடும். இது என் தொழில், நான் சொன்னால் நம்பலாம்.

31ஆம் தேதி சாயங்காலம் அக்காவோடு ஒரு விஷயம் பேச வேண்டும். என் கல்யாணப் பேச்சு. இத்தனை நாள் பிடி கொடுக்காமல் இருந்தேன், இனியும் தள்ள முடியாது. அரை மணி நேரமாவது ஆகும். அவளாக இறங்கி வரும்வரை கூப்பிடாதீர்கள்.

தங்கள் அன்பு மைத்துனன்