ஒன்பதாம் நம்பர் சைக்கிள்

ஜனவரி 16, 1966, ஞாயிறு
இன்று நான் கேட்காமல் விட்டது: "இது திருட்டு சைக்கிளா?" நாக்கு நுனி வரை வந்தது. அம்மா காப்பியோடு குறுக்கே வந்துவிட்டாள்.

அண்ணன் இருதயநாதனுக்குக் காட்டூரில் வேலை ஆனதிலிருந்து வீட்டின் ஒரே சைக்கிள் அவனோடு போய்விடுகிறது. நான் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸை நம்பிப் போகிறேன். இந்த மாதமே மூன்று முறை முதல் மணி தப்பிவிட்டது. "இன்னொரு தடவை லேட்டுன்னா வேற டீச்சர் பாத்துக்குவேன்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். புதுசு வாங்க வசதியில்லை. "பாக்கியம், பழசு ஒண்ணு வருது, லேடீஸ் சைக்கிள், பாதி விலை" என்றான் அண்ணன்.

கொண்டு வந்தவர் அவனுடைய சிநேகிதர் பிலோமின்ராஜ். திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஃபிட்டர். தங்கை ஓட்டியதாம், அவள் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். இதைச் சொன்னதும் அண்ணன்தான்.

"பில் இருக்கா?" என்றேன். வந்தவர் சிரித்தார். அண்ணன் அவசரமாக, "தேடிக் குடுப்பாரு" என்றான்.

"பிரேக்?"

"முன் பிரேக் பிடிக்காதுங்க. இறக்கத்துல அதை நம்பிடாதீங்க."

தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? திருவெறும்பூரிலிருந்து ஓட்டி வந்தவரின் கால்சட்டையில் ஒரு பொட்டுத் தூசிகூட இல்லை.

ஜனவரி 19, புதன்
விலை இன்னும் குறையுமாம். நான் கேட்கவே இல்லை. கேட்காமல் ஏன் குறைகிறது?

ஜனவரி 23, ஞாயிறு
பச்சைப் பட்டை மாற்றிவிடாதே என்றாள் அம்மா. சைக்கிள் பார்க்கப் பட்டா? "பூசைக்குக் கட்டுனதுதானே, அவுக்காம இருந்தாத்தான் என்னடி?"

இன்று அவரோடு அவருடைய பெரியம்மா வியாகுலம்மாளும் வந்திருந்தார். அந்த அம்மாள் சைக்கிள் பக்கம் திரும்பவே இல்லை. "மீன் கொழம்பு வைப்பியாம்மா? அவ்வளவு தூரம் போய்ப் பாடம் சொல்லிக் குடுக்கணுமா?"

"பெரியம்மா, நாம சைக்கிள் காட்டத்தானே வந்தோம்" என்று அவர் சிரித்தார். பிறகு என்னிடம், "பாலத்துக் காத்துல மிதிப்பீங்களா?" என்றார். மிதிப்பேன் என்றேன்.

அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது நான் குனிந்து பின் மட்கார்டைப் பார்த்தேன். ஓரிடத்தில் வெள்ளைத் திட்டு. விரலை நனைத்துத் தேய்த்தேன், கரைந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு! அடியில் சிவப்புப் பெயிண்டில் 9.

இத்தனை துப்பறியும் கதை படித்தவளுக்கு, நம்பரை எதற்கு மறைப்பார்கள் என்று தெரியாதா?

ஜனவரி 24, திங்கள்
மட்கார்டில் சிவப்பில் நம்பர் எழுதுவது வாடகைக் கடை வழக்கம். பள்ளி விட்டதும் கடைத்தெரு முனையில் அப்துல் சுக்கூர் கடைக்குப் போனேன். ஒன்பது அங்கே சாய்ந்து நின்றது.

"இதை ஞாயிற்றுக்கிழமை யார் எடுத்துப் போனாங்க?"

"இருதயநாதன் சார்ம்மா. அவரு தங்கச்சியைப் பொண்ணு பாக்க வர்றாங்களாம். பொண்ணு பாக்கன்னு சொன்னா அது பொஸ்தகத்தைத் தூக்கிட்டு ஓடிடுமாம், அதான் இந்த வேஷம். நல்லபடியா முடிஞ்சாச் சரி, அல்லாதான் பாத்துக்கணும்."

அந்தத் தங்கச்சி நான்தான் என்று சொல்லவில்லை.

வீட்டில் கேட்டேன். "நேராச் சொன்னா வந்து நின்னிருப்பியா நீ?" என்றான் அண்ணன். அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டே இருந்தாள்.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல. பட்டு கட்டிக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு செயினைப் பாத்துக்கிட்டு — சீ!

ஜனவரி 31, திங்கள்
ஒன்பதை நானே விலைக்குக் கேட்டேன். லேடீஸ் சைக்கிளுக்கு வாடகை ஆள் குறைவு என்று அப்துல் சுக்கூர் கொடுத்துவிட்டார். இன்று முதல் மணிக்கு முன்னே பள்ளியில் இருந்தேன். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

பிப்ரவரி 11, வெள்ளி
காவிரிப் பாலத்து முனையில் பிலோமின்ராஜ் நின்றிருந்தார். நான் இறங்கினேன், ஏன் இறங்கினேன்?

"உங்களுக்குத் தெரியாதுங்கிறது எனக்குத் தெரியாதுங்க. உங்க அண்ணன் சொல்லியிருப்பாரு, சைக்கிள் சும்மா ஒரு சாக்குன்னு நெனச்சேன். பில் கேட்டீங்களே, கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன். அதுதான் புடிச்சுப் போச்சு."

நான் முன் பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலையை நீங்க விட வேணாம். நான் பொய் சொன்னதில்லைங்க, யோசிச்சுப் பாருங்க. சம்மதம்னா ஈஸ்டருக்குள்ள ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க."

யோசித்துப் பார்த்தேன். பொய்யெல்லாம் அண்ணன் சொன்னவைதான். சைக்கிள் காட்ட வந்தோம் என்றது கேலி; மற்றபடி சைக்கிளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது முன் பிரேக் மட்டும், அதுவும் நிஜம். ஆனால், அவ்வளவு சரியாகப் பேசத் தெரிந்தவரை எப்படி நம்புவது?

பிப்ரவரி 23, சாம்பல் புதன்
தவக்காலம் தொடங்கிவிட்டது, இனி ஈஸ்டர் வரை யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். நல்லது. எங்கள் பள்ளி ரோசம்மாள் டீச்சரின் கணவருக்கும் பிலோமின்ராஜ் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலைதான். விசாரிக்கச் சொன்னேன், ஒரு உறவுக்காரப் பெண்ணுக்கு என்று.

மார்ச் 14, திங்கள்
"குடி இல்ல, சீட்டு இல்ல, சண்டை சச்சரவும் இல்லையாம்" என்றார் ரோசம்மாள். "ஒறவுக்காரப் பொண்ணு குடுத்து வச்சவ."

ஒரு குறைகூடவா இல்லாமல் இருப்பார்? வேறு யாரிடமாவது கேட்க வேண்டும்.

மார்ச் 30, புதன்
பாலத்தில் எதிர்க்காற்று. மிதித்தேன். முனையில் யாரும் நிற்கவில்லை. நான் பார்க்கவும் இல்லை. பார்த்தேன்.

ஏப்ரல் 9, சனி
நாளை ஈஸ்டர். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்று மாலை அவன் தன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். "என்ன பாக்கியம்?" என்றான். "ஒண்ணுமில்ல, எண்ணெய் மிச்சமிருக்கா?" என்றேன்.

ஏப்ரல் 24, ஞாயிறு
பூசையில் சாமியார் முதல் கல்யாண ஓலை வாசித்தார். மணமகன் திருவெறும்பூர் பிலோமின்ராஜ். மணமகள் நம் பங்குக் கோயிலைச் சேர்ந்த செல்வமேரி. முன் வரிசையில் அவள் தலை குனிந்தாள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார்.

மூன்று மாதம் தேடியவள் நான். ஒரு தடையும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.