உன் யானையை அழித்துவிட்டேன்

அன்பு மாப்பிள்ளை தயாளா,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபப்படுவாயோ, சிரிப்பாயோ, தெரியவில்லை.

சேத்துப்பட்டுக் கல்யாணச் சேலைக்கு நாம் இருவரும் தொடங்கிய முந்தானை டிசைன் நினைவிருக்கிறதா? கிராப் தாளின் நடுவில் ஒரு யானையை வரைந்துவிட்டு, மீதி நாளைக்கு என்று எழுந்து போனாய். அன்றைக்கே நெஞ்சு வலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மீதியை நான் நிரப்பினேன். யானையைச் சுற்றிக் கொடி, கொடிக்குள் கிளி, அதற்கு மேல் கோபுரம். எதுவும் ஒட்டவில்லை. என் கோடுகளையே அழித்து அழித்து வரைந்ததில் தாள் நைந்துபோனது. யானை மட்டும் அப்படியே நின்றது.

பின்வீட்டில் ஏகாம்பரம் சேலையின் உடலை நெய்துகொண்டிருந்தார். அது முடிவதற்குள் முந்தானை டிசைனைத் தறியில் மாட்டும் அட்டையில் குத்தித் தராவிட்டால் தறி நின்றுவிடும், சேலை முகூர்த்தத்துக்குப் போகாது. ஆரணியில் டிசைன் போட வேறு ஆளா இல்லை என்று முதலாளி ஏற்கெனவே கேட்டுவிட்டார். இந்த வேலையும் போனால் என் தங்கை குப்புவும் உன் பிள்ளைகளும் எதை நம்பிச் சாப்பிடுவார்கள்? தறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்னும் எத்தனை முழம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

ஏகாம்பரம் வாசலில் வந்து நின்றார். "இன்னாங்க, ஆச்சா? நானும் மெதுவாத்தான் நெய்ஞ்சிகினு இருக்கேன். இதுக்கு மேல மெதுவா நெய்யத் தெரியாதுங்க."

அவர் போனதும் குப்பு தாளை எட்டிப் பார்த்தாள்.

"ண்ணா, இந்த யானை சரியில்ல. பொண்ணு தோள்ல பாரமா கெடக்கும். அவரு இருந்திருந்தா மறுநாளே அழிச்சிருப்பாரு. நீ அதுக்கு தெனம் மாலை போட்டுகினு இருக்க."

"அவன் கடைசியா வரைஞ்சது, குப்பு."

"எனக்குத் தெரியாதாண்ணா? அழி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் பேச வாயெடுத்தபோது பின்வீட்டுத் தறி நின்றுபோனது. சேலையின் உடல் முடிந்துவிட்டது. குப்பு ரப்பரை என் பக்கம் நகர்த்தினாள்.

தும்பிக்கையிலிருந்து தொடங்கினேன். நீ பென்சிலை அழுத்திப் பிடிக்கிற ஆள், லேசில் போகவில்லை. அழுதுகொண்டே அழித்தேன். நடு இடம் காலியானதும், ஓரத்தில் முண்டிக்கொண்டிருந்த கொடி குறுக்கே இறங்கி ஓட வழி கிடைத்தது. கிளிகளும் கோபுரமும் தேவையே இல்லை. பொழுது சாய்வதற்குள் தாள் அட்டை குத்துகிறவரிடம் போய்விட்டது.

நேற்று சேலை தறியிலிருந்து இறங்கியது. முதலாளி பிரித்துப் பார்த்துவிட்டு அடுத்த சேலைக்கும் நம்மையே போடச் சொன்னார். இதில் உன் கோடு ஒன்றுகூட இல்லை. இருந்தும் அழகாக வந்திருக்கிறது, மாப்பிள்ளை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக்குப் புதுத் தாள் எடுக்கிறேன், குப்பு பக்கத்தில் உட்காருவாள். உன் நினைவுக்காக அதில் ஒரு கோடும் போடமாட்டேன். சேலைக்கு வேண்டியதை மட்டும் போடுவேன். இது சத்தியம்.

உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
ஏழுமலை