சுமதி பெயரில் போன ரத்தம்

4 ஆகஸ்ட் 2014, திங்கள்

விடியும்போதே புழுக்கம். திண்டிவனம் மைதானத்தில் ஓடி முடித்து வீட்டுக்கு வந்தால் கூரியர். ஊக்கமருந்துத் தடுப்புக் குழுவிடமிருந்து.

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அப்பா, "இன்னாம்மா, வேலைக்கு ஆர்டரா?" என்றார். பாவம்.

போட்டி இருக்கோ இல்லையோ, அவ்வப்போது வந்து எங்கள் ரத்தம் எடுத்துப்போவார்கள். பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்தத் தடவை, ஜூன் கடைசியில் எடுத்ததில், சிவப்பணு குறைவாம், புதிதாக ஊறியது எக்கச்சக்கமாம். அதாவது என் ரத்தத்தை நானே எடுத்துக் குளிரில் ஒளித்து வைத்திருக்கிறேன், பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்துக்கு முன்னால் திரும்ப ஏற்றிக்கொள்ளப் போகிறேன். சந்தேகம் இது. ஆதாரத்தோடு விளக்கம் தர வேண்டும். இல்லையென்றால் தடை. வெளிநாட்டுப் போட்டி அவ்வளவுதான்.

ஒளித்து வைக்கிறேனாம்! எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸே உறையாது.

இந்தச் சோதனை வந்தபோது முகாமில் முதலில் கை தட்டியவள் நான். ரத்தம் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே தோற்றிருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன், சட்டம் வேண்டும். ஆனால் காசு வாங்காமல் இன்னொருத்திக்கு ரத்தம் கொடுக்கிறவளும் உலகத்தில் இருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாதா?

வாங்க: சோப்பு, கால்வலி ஸ்ப்ரே.

5, செவ்வாய்

பயிற்சியாளர் போனில் கத்து கத்தென்று கத்தினார். "ஏம்மா எஸ்தரு, ஓடுற பொண்ணு ரத்தம் குடுப்பியா? குடுத்தியே, எங்கிட்ட சொல்லித் தொலைக்க மாட்டியா?"

கஸ்தூரிக்குக் கொடுத்தேன் சார். பள்ளியில் என்னோடு ரிலே ஓடியவள். ஜூனில் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பிரசவம், ரத்தம் நிற்கவில்லை. "ஆள் குடுத்தாதான் பாக்கெட் தருவோம்" என்றார்கள். அவள் புருஷனின் அண்ணன், மச்சாண்டாருக்குச் சுகராம். புருஷன் பாஸ்கருக்கு ஊசியைப் பார்த்ததும் தலை சுற்றல். அவள் சித்தப்பா டீ வாங்கப் போனவர் போனவர்தான். நான் படுத்தேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எஸ்தரு, நீதாம்மா எங்களுக்குத் தெய்வம்" என்றாள்.

இன்று ரத்த வங்கிக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்தது, நான் படுத்திருந்தபோதே அந்தத் தெய்வத்தின் பெயரைக் கவுண்டரில் மாற்றியிருக்கிறாள். தன் மகள் சுமதி பெயரைக் கொடுத்திருக்கிறாள். காலனிப் பெண்ணின் ரத்தம் என்று எங்கேயும் எழுதியிருக்கக் கூடாது பாருங்கள்.

எனவே ரத்த வங்கியில் சுமதி. நான் இல்லை. அந்த வீட்டார் உண்மையை எழுதிக் கொடுத்தால்தான் எனக்கு வழி.

7, வியாழன்

விக்கிரவாண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அவர்கள் ஊர். டோல்கேட் பக்கம் லாரி நெரிசல், பேஜாரு.

வாசல் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

மாமியார்: "அன்னைக்கி அவசரம். இப்ப எழுத்துல போட்டா ஊரு சும்மா இருக்குமா? நாளைக்கு எம் பேரப்புள்ளய எவ தூக்குவா?"

பாஸ்கர் போனைத் தடவிக்கினு நின்றான். "நீங்களாவது சொல்லுங்க" என்றேன். "அம்மா சொல்றதுதான்" என்றான்.

"ஏத்திக்கும்போது மட்டும் இனிச்சுதா?" என்று கத்திவிட்டேன். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். சன்னலில் கஸ்தூரி, தோளில் குழந்தை. பேசவிடவில்லை.

பஸ்ஸில் வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அழவில்லை.

9, சனி

மழை வரும்போல் இருந்து ஏமாற்றியது. ரத்த வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் நல்ல மாதிரி. "சுமதின்னுதாம்மா கீது, நான் இன்னா பண்ண முடியும்?" என்றார். பிறகு பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "உன்னுத அன்னைக்கே அவங்களுக்கு ஏத்தியிருக்க மாட்டாங்கம்மா. டெஸ்ட் பண்ணாம எப்படி? இருப்புல கீறதுல ஒரு பாக்கெட்டக் குடுத்திருப்போம். உன்னுது வேற யாருக்காச்சும் போயிருக்கும்."

பயிற்சியாளரிடம் சொன்னேன். குதித்தார். "அட, அதப் போய் சொல்லும்மா! ஒடனே கையெழுத்துப் போட்ருவாங்க."

போடுவார்கள். அதுதான் எரிகிறது. என் ரத்தம் உங்கள் வீட்டில் இல்லை, பயப்படாதீர்கள் என்று நானே போய்ச் சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் கேட்டேன். "உனுக்கு ஓடணுமா, வேணாமா?" என்றார். ஓட வேண்டும்.

10, ஞாயிறு

போனேன். சொன்னேன்.

மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்டியா! மொதல்லியே சொல்லக்கூடாதா எஸ்தரு? உள்ள வா, ஒக்காரு" என்று நாற்காலி போட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்க, "நம்ம கஸ்தூரி ஒடம்புல இல்லியாம்டி!" என்று ஒரு சத்தம். எனக்குக் காபி வந்தது, பேப்பர் கப்பில். அவர்களுக்கு டம்ளர்.

குடிக்கவில்லை. கையெழுத்து வாங்கினேன். அவள், பாஸ்கர், இருவரும். பெயரை மாற்றிக் கொடுத்தது நாங்கள்தான், ரத்தம் கொடுத்தது எஸ்தர்தான் என்று.

கஸ்தூரி கதவோரம் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. எதற்கென்று புரியவில்லை, அதற்கும் ஒரு கோபம்.

11, திங்கள்

காலையில் ஸ்கேன் செய்து அனுப்பியாகிவிட்டது. "இது போதும்மா, தப்பிச்ச" என்றார் பயிற்சியாளர். சந்தோஷமே வரவில்லை. மத்தியானம் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. பாதி அப்படியே இருக்கிறது.

கஸ்தூரி போன். திருட்டுத்தனமாகப் பேசுகிறாள், குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

"நெசமாவாடி? எங்கிட்ட உன்னுது இல்லியா?"

"ஏண்டி?"

"எம் பாலக் குடிச்சிட்டு பாப்பா கால ஒதைக்கும்போதெல்லாம், எஸ்தரு ரத்தம், ஓடாம இருக்குமான்னு சொல்லிக்கினு இருந்தேன். அந்த வீட்ல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

அழுதாள். அந்தக் கிழவிக்குச் சொன்னதை இவளுக்கும் ஏன் சொல்ல வேண்டும்? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னுதுதான்டி ஏறிச்சு. கையெழுத்துக்காகப் பொய் சொன்னேன். உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாத, வாபஸ் வாங்கிடுவாங்க."

குழாயை நிறுத்தினாள்.

"எனக்குள்ள ஓடுறது உன் ரத்தம்தான்னு அத்தை மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்" என்றாள்.