பொழுது சாயும் முன் ஒரு பந்தி

என் அன்புப் பங்காளி ஏழுமலைக்கு,

போன மாசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அங்கே சாப்பாடெல்லாம் எப்படிடா? சாம்பாரில் உப்பு கம்மி என்று இந்நேரம் யாரிடமாவது சண்டைக்கு நின்றிருப்பாய்.

நேற்று காணும் பொங்கல். செங்கத்தில் உன் வீட்டுக்குப் போகும் வழியில், திருவண்ணாமலையில் இறங்கி நம் கல்லூரி விடுதியை எட்டிப் பார்த்தேன். அந்த மொட்டை மாடி அப்படியேதான் இருக்கிறது.

முதன்முதலில் அங்கே வந்து சேர்ந்த என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சமணக் குடும்பத்துப் பையன். பொழுது சாய்ந்தால் வாயில் பருக்கை படக்கூடாது. மெஸ்ஸில் மணி அடிப்பதோ ராத்திரி எட்டுக்கு. அந்திக்குள் பொரியும் வேர்க்கடலையும் மென்றுவிட்டுப் படுத்துக்கொள்வேன். படிப்பு ஏறவில்லை, தூக்கமும் வரவில்லை. ஒரு நாள் டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

"பொட்டிய தூக்கிக்கினு எங்கடா கெளம்பிட்டே?" என்று கதவை மறித்தாய், என் அறைத் தோழனான நீ.

"கீழ்பென்னாத்தூருக்கு. இனிமே வரமாட்டேன்."

"சோறுதானே பிரச்சன?"

"சோறு இல்லடா. நீங்கல்லாம் தட்ட எடுத்துக்கினு சிரிச்சிக்கினே போறீங்க. நான் மட்டும் செவுத்தப் பாத்துக்கினு கெடக்கிறேன்."

பெட்டியை உன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போனாய்.

"ஒருத்தனுக்காக முன்னாடியே பந்தி போட முடியாதுப்பா" என்றார் மாஸ்டர்.

"ஒருத்தன் இல்ல மாஸ்டர், எங்க ரூமே வரும்."

மறுநாள் முதல், சூரியன் இறங்குவதற்குள் நம் அறையே மொட்டை மாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டது. எனக்காக ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டார்களே என்று உருகிப்போயிருந்தேன். ஒரு நாள் எட்டு மணிக்கு உன்னைத் தேடி மெஸ்ஸுக்கு வந்தால், அதே கூட்டம் மறுபடியும் வெட்டிக்கொண்டிருக்கிறது! வாய் நிறையச் சோற்றோடு நீ சொன்னாய்:

"அது டிபன்டா. இதான் சாப்பாடு."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அன்று முதல் எட்டு மணிப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கியவன் நான்தான். சாப்பிடாமலே அங்கேயும் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. படிப்பு தானாக ஏறியது. உன் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியை, பட்டம் வாங்கிய பிறகுதான் வெளியே இழுத்தேன்.

நேற்று நம் அறைக்காரர்கள் எல்லாரும் உன் வீட்டில் கூடியிருந்தோம். யாரும் சொல்லாமலே உன் மனைவி அந்திக்கு முன் இலை போட்டுவிட்டார். "ஏன் மாமா இவ்ளோ சீக்கிரம் சாப்புடறீங்க?" என்றாள் உன் மகள் கவிதா. கதையைச் சொன்னோம். கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டே எங்களோடு சாப்பிட்டாள்.

எட்டு மணிக்குப் பார்த்தால், தட்டோடு மறுபடி அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்! "இப்பதானேடி சாப்பிட்டே?" என்றார் உன் மனைவி.

"அது டிபன்மா. இதான் சாப்பாடு."

உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், ஏழுமலை. நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது நேற்றுதான். எனக்கோ சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது.

கவிதா ஒரு நாள் கல்லூரி விடுதிக்குப் போவாள். முதல் வாரமே நான் போய் நிற்பேன். மார்க்கெல்லாம் அப்புறம். "யாரோட சாப்புடறேம்மா?" என்றுதான் முதலில் கேட்பேன். "தனியா" என்று சொன்னால், பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போவேன்.

உன் பந்தியில் இடம் பெற்ற பங்காளி,
தரணேந்திரன்