வெற்றிலைத் தட்டு எடுக்கப் போனவள்

நேற்று குளுவாங் பேருந்து நிலையத்தில் கழிப்பறைக் கட்டணத்துக்காகக் கைப்பையைத் துழாவியபோது உன் சிவப்புச் சில்லறைப் பை கையில் வந்தது. ஜிப்பைத் திறந்ததும் நீ அடிவயிற்றில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசம் குப்பென்று ஏறியது. வாசலில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார ‘மாக்சிக்’, வயதான அம்மா, கையை நீட்டியபடியே இருந்தார். எனக்கு அந்தக் காசை எடுக்க மனம் வரவில்லை. நோட்டை நீட்டி, சில்லறை இல்லையா என்று அவரிடம் முணுமுணுப்பு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். "தண்டாசுக்குப் போற காச உண்டியல் காசு மாதிரி வச்சிருக்கியே, லூசு" என்றிருப்பாய்.

உனக்கும் எனக்கும் ஒரே வயது. மாசாயில் அடுத்தடுத்த வரிசை வீடு. பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலை, ஒரே லைன். சாமானில் தூசி படாமலிருக்கத் தலையிலிருந்து கால்வரை மூடும் அந்த வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டு, குளிரில் விறைத்துப்போய், எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தோம். கண்கள் மட்டும்தான் தெரியும். கண்ணை வைத்தே வம்பு பேசுகிற ஆள் நீ.

நம் லைனுக்கு ஒரே ஒரு கழிப்பறை அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். உடையைக் கழற்றி மாட்டவே பாதி நேரம் போய்விடும். உனக்கு வலி தொடங்கிய புதிதில் அந்த அட்டை உன் கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. "என்னா, தாலி மாதிரி மாட்டிக்கிட்டே இருக்கே?" என்று லைன் லீடர் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு என்னிடம் மட்டும் சொன்னாய்: "மொளகாத் தண்ணிய உள்ள ஊத்துன மாதிரி இருக்கு டீ. போய்ட்டு வந்தா கொஞ்சம் அடங்குது. ஒக்காந்தா மறுபடியும் ஆரம்பிச்சிருது."

கிளினிக்கில் கிருமி என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை என்றதும் வேறு மாத்திரை. பிறகு சிறுநீரைச் சோதித்துப் பார்த்து, கிருமி இல்லை, ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த 'ஒன்றும் இல்லை' உன்னை அழவைத்த மாதிரி வலிகூட அழவைத்ததில்லை. உன் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். அவரே ஒரு நாள், "ஒண்ணும் இல்லன்னுதான சொல்றாங்க, நீயா நெனச்சிக்கிறியோ?" என்று கேட்டுவிட்டார். அன்று நீ சமைக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து, கால்களை மடக்கி நாற்காலியில் சுருண்டுகிடந்தாய்.

நம் ஆட்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வலித்தாலும் அது சூடுதான். கேண்டீன் அக்காவிலிருந்து கோயிலில் செருப்புப் பார்த்துக்கொள்பவர் வரை எல்லோரும் வைத்தியர்கள். சூட்டைத் தணிக்க எலுமிச்சைச் சாறு, அதில் ‘அசாம்போய்’ என்கிற உப்பில் ஊறிய புளிப்புப் பழம் போட்டு, பெரிய கிளாஸ் நிறைய. நீயும் நம்பிக் குடித்தாய், நானும் நம்பித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்த கொஞ்ச நேரத்தில் சுருண்டுவிடுவாய். சூடு இன்னும் இறங்கவில்லை என்று இன்னொரு கிளாஸ் வரும். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

இன்னொரு பக்கம் தண்ணீரை நிறுத்திவிட்டாய். தொழிற்சாலை பஸ் வழியில் எங்கேயும் நிற்காது என்பதால் காலையில் ஒரு மடக்குகூடக் குடிக்க மாட்டாய். உதடு வெடித்துப்போய், சிறுநீர் சுண்டி, எரிச்சல் கூடத்தான் செய்தது. பாலோவில் இருக்கும் உன் அண்ணன் வீட்டுக்குப் போவதையும் விட்டுவிட்டாய். "அவ்ளோ தூரம் பஸ்ல, வழியில எங்க எறங்குறது? வேணாம் லா." ஒரு நாள் நெரிசலில் பஸ் நகராமல் கிடந்தபோது நீ முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாய். டிரைவரிடம் நான் கெஞ்சினேன். நடுரோட்டில் கதவைத் திறக்கக் கூடாது என்றார். அடுத்த சம்பளத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டாய். இனிமேல் நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று அதன் கூடையைத் தட்டிக் காட்டினாய். இந்தச் சில்லறைப் பை அன்றிலிருந்து அந்தக் கூடையில்தான் பயணம் செய்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மலாய் லேடி டாக்டரைப் பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். மயக்கம் கொடுத்து கேமரா விட்டுப் பார்த்த பிறகு கூப்பிட்டார். என்னையும் உள்ளே விட்டார். கிருமியும் இல்லை, கட்டியும் இல்லை. சிறுநீர்ப்பையே நோகிறது, அதன் உட்புறச் சவ்வு புண்பட்ட தோல் மாதிரி எல்லாவற்றுக்கும் துடிக்கிறது என்று மெதுவாக மலாயில் சொன்னார். ஏன் வருகிறது என்று உறுதியாகத் தெரியாது, முழுக்க மாறிவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் குறைத்துக்கொண்டு வாழ முடியும் என்றார். பிறகு, "காக், சாகிட் நி பெத்துல்" என்றார். அக்கா, இந்த வலி நிஜம். நீ மேசையில் தலையை வைத்து அழுதாய். நோய் இருக்கிறது என்று கேட்டு ஒருத்தி சந்தோஷத்தில் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நீ கெட்டிக்காரி ஆகிவிட்டாய். சாப்பாட்டில் ஒவ்வொரு சாமானாக நிறுத்திப் பார்த்தாய். எல்லோருக்கும் ஒரே சாமான் ஆகாமல் போவதில்லையாம், அவரவர் உடம்பைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். உன் உடம்பு எலுமிச்சையையும் கோப்பியையும் வேண்டாம் என்றது. ரசத்துக்கு மட்டும் நீ துக்கம் கொண்டாடினாய். தண்ணீரைச் சிறு மடக்குகளாகக் குடித்தாய். இடுப்பை இறுக்கிப் பிடிக்காமல் தளரவிடப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். மூச்சை வயிற்றுக்குள் இறக்கி நீ அதைச் செய்யும்போது நான் பேசக் கூடாது. வலி அடங்கியிருக்கும் நாட்களில், போக வேண்டும் என்று தோன்றியதும் ஓடாமல் கொஞ்சம் தள்ளிப்போட்டு, அந்த இடைவெளியை மெல்ல மெல்ல நீட்டினாய். வலி கிளம்பும் நாட்களில் சுடுதண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் இருப்பாய். அந்த நாட்களும் வந்துகொண்டுதான் இருந்தன.

எதற்கு இவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஷாலினியின் கல்யாணம். மகளின் கன்னிகாதானத்தில் மணவறையில் கடைசிவரை உட்கார வேண்டும். "நடுவுல எந்திரிச்சு ஓடுனா சம்பந்தி வீட்ல என்னா நெனப்பாங்க? எம்புள்ள தலகுனியணுமா?" என்று கேட்டுக் கேட்டு என் காதைத் தேய்த்தாய். கடைசியில் நான்தான் உன்னைக் குருக்களிடம் இழுத்துக்கொண்டு போனேன். நீ பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதுக்கா இவ்ளோ பயம்? பொண்ணு கூறை மாத்தப் போற நேரம் எப்படியும் காத்திருக்கத்தான் போறோம். நானே மைக்ல சொல்லிடறேன், அம்மா போய்ட்டு வரட்டும்னு."

"ஐயோ சாமி, மைக்லயா!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரிம்மா. 'அம்மா, உள்ள போய் வெத்தலத் தட்டு எடுத்துட்டு வாங்க'ன்னு சொல்றேன். கேக்குறவங்களுக்குத் தட்டு. உங்களுக்குத் தண்டாஸ். போதுமா?"

வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பத்திரிகை அச்சாகி வந்த வாரம், மழையில், வேலைக்குப் போகும் வழியில், லாரிகள் ஓடும் சாலையில் உன் மோட்டார் சறுக்கியது. அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. விதி என்கிறார்கள். என்னிடம் அந்தப் பேச்சு எடுபடாது. பஸ் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் நீ மோட்டாரே வாங்கியிருக்க மாட்டாய். உன்னைக் கொல்லாத நோய்தான் உன்னை அந்தச் சாலையில் கொண்டுபோய் விட்டது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

துக்கம் கழிந்து, வேறு நாள் குறித்துக் கல்யாணம் வைத்தார்கள். தாரைவார்க்கத் தம்பதியாக உட்கார வேண்டுமே. உன் அண்ணனும் அண்ணியும் உட்காரட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஷாலினி கேட்கவில்லை. "அம்மா எடத்துல நீங்கதான் ஒக்காரணும் ஆன்ட்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அண்ணனே தலையை ஆட்டினார். நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம். சில்லறைப் பையை அன்று காலையில்தான் ஷாலினி என்னிடம் கொடுத்திருந்தாள். அதை இடுப்பில் செருகியிருந்தேன். நான் தண்ணீர் வார்த்ததை உன் வீட்டுக்காரர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூறையை வாங்கிக்கொண்டு ஷாலினி எழுந்து போனாள். குருக்கள் என் பக்கம் திரும்பினார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்:

"அம்மா, உள்ள போய் வெத்தலத் தட்டு எடுத்துட்டு வாங்க."

தட்டு என் முன்னால்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் அதைக் காட்ட வாயெடுத்தார்; நான் அவர் கையை அழுத்திவிட்டு எழுந்தேன். மறந்து சொன்னாரா, உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாரா, நான் இன்றுவரை அவரைக் கேட்கவில்லை. மண்டபத்துப் பின்கட்டில் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. உனக்காக ஒதுக்கிய நேரம், அதை வீணாக்க மனமில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, நாதஸ்வரம் மாறியதும் வந்து உட்கார்ந்தேன். உன் மகள் கழுத்தில் தாலி ஏறியதை உன் இடத்திலிருந்து பார்த்தேன்.

லைனில் இப்போது வேறொருத்தி உன் நாற்காலியில் இருக்கிறாள். நான் மட்டும் உன் பழக்கத்தை விட முடியாமல் திரிகிறேன். எந்த ஊரில் இறங்கினாலும் என் கண் முதலில் தண்டாஸ் பலகையைத்தான் தேடுகிறது. எந்தப் பெட்ரோல் நிலையத்தில் சாவி கேட்க வேண்டும், எதில் விளக்கு எரியாது, எல்லாம் தானாக மனசில் ஏறிக்கொள்கிறது. நேற்றும் அப்படித்தான், உன் அண்ணனைப் பார்க்கப் போகும் வழியில்.

குளுவாங் நிலையத்தில் கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது. தண்ணீரும் வருகிறது. பாலோவுக்குப் போகிற வழியில் நீ அங்கே இறங்கிக்கொள்ளலாம்.