சனிக்கிழமைக் கணிப்பு

கத்திவாக்கம்
15.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அத்தையும் நலம். போனில் பேசினால் உங்கள் அறையில் இருக்கும் எட்டுப் பேர் காதிலும் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

புதன்கிழமை ராயபுரத்து டாக்டரம்மாவைப் பார்த்தேன். எனக்கு முப்பத்தெட்டு ஆகப்போகிறது, கருமுட்டை குறைந்துகொண்டே வருகிறது, குழந்தைக்குச் சிகிச்சை என்றால் இந்த வருஷமே ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். "வீட்டுக்காரரும் கூட வரணும்மா" என்றார்கள். மியூச்சுவல் ஃபண்டில் போட்டதை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் மாமா. எண்ணூரிலும் வெல்டருக்கு வேலை இருக்கிறது.

உங்கள் பிரியா

---

சிங்கப்பூர்
28.9.2024

என் பிரியாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இன்று சனிக்கிழமை. பங்குச் சந்தையின் வாரச் சார்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நிஃப்டி இருபத்தாறாயிரத்தைத் தாண்டிவிட்டது! தினமும் பார்க்கிறவன் பயந்தே சாவான். வாரம் முடிகிற விலையைப் பார்க்கிறவனுக்குத்தான் திசை தெரியும். கடந்த நாற்பது வாரச் சராசரி விலைக்கு வெகு மேலே நிற்கிறது. இப்போது விற்றால் முட்டாள்தனம்.

கப்பல் பட்டறையில் என்னோடு இருந்த வெள்ளத்துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்புகிறான். "இன்னா மாமு, அவசரப்பட்டுட்டியே" என்று கிண்டல் செய்தேன். பொங்கல் வரை பொறு. சிகிச்சைக்கும் ஆகும், மீன் பிடிக்க ஒரு ஃபைபர் போட்டும் வாங்கலாம்.

உன் தாமோதரன்

---

கத்திவாக்கம்
16.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலும் போய்விட்டது. டிவியில் சந்தைச் செய்தி வந்தால் அத்தை சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். "இன்னாடி, இன்னைக்கும் எறங்கிகினு கீதா? அப்போ எம்புள்ள வரமாட்டான்" என்கிறார்கள். முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்கள். நஷ்டமானாலும் பரவாயில்லை, வந்துவிடுங்கள். எனக்குப் போட் வேண்டாம்.

உங்கள் பிரியா

---

சிங்கப்பூர்
1.3.2025

என் பிரியாவுக்கு,

நீ கேட்பது நியாயம்தான். ஆனால் விலை சராசரிக் கோட்டை உடைத்துக் கீழே விழுந்து கிடக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் வாராவாரம் விற்றுத் தள்ளுகிறார்கள். இந்த நேரத்தில் விற்றால் இத்தனை வருஷம் கப்பல் வயிற்றுக்குள் வெந்தது வீண். வேகத்தைக் காட்டும் குறியீடு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இங்கிருந்துதான் திரும்பும், நீ வேண்டுமானால் பார். கொஞ்ச மாதம்தான். நமக்காகத்தானே இதெல்லாம்?

உன் தாமோதரன்

---

சிங்கப்பூர்
29.11.2025

என் தங்கத்துக்கு,

திரும்பிவிட்டது! பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. நான் சொன்னபடியே நடந்தது பார்த்தாயா? திங்கட்கிழமை எல்லாவற்றையும் விற்கிறேன். ஜனவரி நான்காம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். டாக்டரம்மாவிடம் நாள் குறித்து வை. கொஞ்ச நாளாகப் போனில் நீ சரியாகவே பேசுவதில்லை. வந்து உன் கோபத்தைத் தீர்க்கிறேன்.

உன் தாமோதரன்

---

காசிமேடு
10.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை அத்தை கொடுத்தனுப்பினார்கள். நான் அம்மா வீட்டில் இருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி என் கருமுட்டையால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டோ பிடிக்கக்கூடத் தோன்றாமல் அம்மா வீட்டுக்கு நடந்தே வந்தேன். அன்று சாயங்காலம் நீங்கள் போன் செய்தீர்கள். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் "வாரம் சூப்பரா முடிஞ்சிருக்குது பிரியா" என்றீர்கள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பும் என்றீர்கள், திரும்பியது மாமா. பொய்த்துப் போயிருந்தால் உங்களைத் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது?

இறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். காலையில் போனால் பொழுது போவது தெரியவில்லை. நீங்கள் வாருங்கள். அத்தை உங்களுக்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்க்க வரவே கூடாது என்று சொல்லவில்லை. வந்தவுடன் வராதீர்கள். பிறகு எப்போது என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
மோகனப்ரியா