வளையத்துக்கு ஒரு சாண் தள்ளி

என் செல்லத் தம்பி அருளுக்கு,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கள்ளிக்குப்பத்து வீட்டில் எல்லோரும் நலம். திருமழிசைக் கொட்டகையில் நீ வரைந்த ஃபைபர் படகுகளை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதாவது, உன் மேஸ்திரி மூர்த்தியைப் பார்த்துக்கொள்கிறேன்.

"உனக்குக் கர்த்தர் மேலயே டவுட்டுக்கா" என்று சிரிப்பாயே, இப்போதும் சிரி.

படகைக் கரைக்கு இழுக்க, அதன் மூக்கில் வளையம் மாட்டத் துளை போடுவோமே, அதில் விழும் வட்டத் துண்டை வாங்குகிறவர் கையில் கொடுப்பது உன் வழக்கம். அலை முதலில் அறையும் இடம், கனத்தை அவர்களே பார்க்கட்டும் என்பாய். மூர்த்தியும் தவறாமல் கொடுக்கிறான். துண்டும் நல்ல கனம். ஆனால் ஃபைபர் அடுக்குகளை ஒட்டப் பூசும் ரெசின் டின்கள் ஏன் முன்போல் காலியாகவில்லை? படகைத் திருப்பிப் போடும்போது ஒருத்தனுக்கும் மூச்சு வாங்கவில்லையே, எப்படி?

போன வாரம் காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் இரண்டு மகன்களோடு வந்தார். ஐப்பசிக் கடலில் அந்தப் பிள்ளைகள் ஓட்டப்போகும் படகு. துண்டைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வளையத்துக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு துளை போடச் சொன்னேன்.

"இன்னாக்கா நீ? புது போட்டுல யாராச்சும் ஓட்டை போடுவாங்களா?" என்றான் மூர்த்தி.

"போடுடா. பாத்துகினுதான் கீறேன்."

விழுந்த துண்டில் பாதிக் கனம்கூட இல்லை. வளையத்தைச் சுற்றி மட்டும் அடுக்கைக் கூட்டிவிட்டு, மற்ற இடமெல்லாம் குறைத்திருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. பெரியவர் தன் மகன்களைத் திரும்பிப் பார்த்தார்.

மூர்த்தி தலை குனியவில்லை. "அருள் அண்ணாத்தே சொன்னதுதான்க்கா. வெயிட்டா கீதுன்னு எவனும் வாங்க மாட்றான், வளையத்தாண்ட மட்டும் கனமா போடுன்னுச்சு."

பொய்தானே? நீ எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம்தானே? ஆனால் ஆஸ்பத்திரியில் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டு, என்னை இளநீர் வாங்க அனுப்பினாயே, என்ன பேசினாய்? அதற்கு முந்தின மழைக்காலத்தில் உன் படகுகள் விலை போகாமல் கிடந்தபோது உன் மனசு சறுக்கியதா? செத்துப்போன தம்பியைக்கூட நம்ப முடியவில்லையே என்று அழுகையாக வருகிறது.

அந்தப் படகுக்கு உள்பக்கம் அடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அது முடிந்ததும், நம் கொட்டகையிலிருந்து போன ஒவ்வொரு படகையும் தேடிப் பிடித்து, அதே இடத்தில் துளை போட்டுப் பார்க்கப்போகிறேன். இது உனக்கு நான் செய்துகொடுக்கும் சத்தியம். முதலில் மூர்த்தி செய்தவை.

அப்புறம், நீ செய்தவை. கோபித்துக்கொள்ளாதே.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
ஸ்டெல்லா